எமரன்சியா கவிழ்த்த சீட்டுகள்

கப்பல் முழுகி நாற்பத்தோராம் நாள், நாற்பதாம் நாள் பூசைக்கு வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் திருப்பிக் கொடுக்க ஆளில்லாமல் தெருவோரம் அடுக்கியபடியே கிடந்த ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கப்பல்காரத் தெருவின் நான்கு விதவைகளும் எமரன்சியா வீட்டு முன்னறையில் உட்கார்ந்து சீட்டு விளையாடினார்கள். விளையாடி முடித்து எழுந்து போனபோது அவர்களில் இரண்டு பேருக்கு, வீட்டில், புருசன் ஆளுக்குப் பாதியாகத் திரும்பி வந்திருந்தான்.

ஊர் முதலில் குறை சொன்னது சீட்டைத்தான். நாற்பது முடிந்து ஒரு நாள் முழுசாக ஆகவில்லை, அதற்குள் என்ன சீட்டு, அதுவும் பொம்பளைகள், அதுவும் திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, என்று மூன்று நாள் பேசித் தீர்த்துவிட்டு, நான்காம் நாள்தான் பாதிப் புருசன்களைப் பற்றி வாயைத் திறந்தார்கள். ஊர் அப்படித்தான். தனக்குப் புரிந்ததை முதலில் திட்டி முடித்துக்கொண்டுதான் புரியாததற்கு வரும்.

அந்த ஆட்டத்தை ஊருக்குக் கொண்டுவந்தது எமரன்சியாவின் புருசன் சிசில் மச்சாது. சரக்குக் கப்பலில் தலைமைச் சமையல்காரர். வருசத்தில் பத்து மாசம் கடல், இரண்டு மாசம் வீடு, அந்த இரண்டில் ஒரு மாசம் பெட்டியைப் பிரிப்பதில் போகும், இன்னொரு மாசம் பெட்டியைக் கட்டுவதில் போகும். இருபத்திரண்டு வருசமும் ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று, இந்த ஒரு ட்ரிப்தான் எமரன், இதோட சரி, என்று சொல்லிவிட்டுப் போனவர். கடைசிக்கு முந்தின லீவில், மூடப்போன ஒரு பேக்கரியிலிருந்து ரொட்டி சுடுகிற அடுப்பை, பீரோ உயரத்துக்கு ஒரு பழைய அவனை, வாங்கி வந்து முன்னறையில் நிறுத்தினார். அடுத்த தடவை வந்ததும் இதைப் பற்றவைப்பேன், ரொட்டி போடுவேன், கேக் போடுவேன், போ போ என்று நீ விரட்டினாலும் உன் கண் முன்னாலேயே கிடப்பேன் என்றார். அடுத்த தடவை வந்து, அதன் மேல் விரித்திருந்த பிளாஸ்டிக் விரிப்பைக்கூட விலக்காமல் திரும்பிப் போனார். வீட்டில் அவன் வந்தாச்சு, அவியதான் இன்னும் வரல்ல, என்று எமரன்சியா வந்தவர்களிடமெல்லாம் சொல்வாள். அவளோடு கான்வென்டில் படித்தவர்கள் உடனே சிரித்தார்கள், மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு சிரித்தார்கள், அவள் மட்டும் சிரித்ததே இல்லை.

ஆட்டத்துக்குப் பெயர் மேல்கீழ். ஆளுக்கு நாலு சீட்டு கையில், ஐந்து சீட்டு எல்லாருக்கும் பொதுவாக நடுவில். கையிலிருந்து இரண்டு, நடுவிலிருந்து மூன்று எடுத்து ஐந்து சேர்க்க வேண்டும். சேர்த்ததில் பெரிய கை எவளிடமோ அவளுக்குக் குவியலில் பாதி, அது மேல். ஜோடியைவிட ஒரே சீட்டு மூன்று பெரிசு, அதைவிட ஐந்தும் வரிசையாக வந்தால் பெரிசு. ஆகச் சின்னக் கை எவளிடமோ அவளுக்கு மற்றப் பாதி, அது கீழ். ஆஸ் மட்டும் இரட்டை வேசக்காரி, மேலே போனால் ராஜாவுக்கும் மேலே உட்காருவாள், கீழே வந்தால் இரண்டுக்கும் கீழே படுத்துக்கொள்வாள். ஒரே அளவில் இரண்டு பேர் வந்தால் அந்தப் பாதியையும் பாதியாக்கி எடுத்துக்கொள்ள வேண்டியது. கையில் வந்த நாலும் பிடிக்கவில்லையென்றால், எதுவும் போடாமல் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒதுங்கலாம். ஒதுங்கினவளுக்கு நட்டமில்லை, லாபமுமில்லை.

முன்பெல்லாம் புளியங்கொட்டை வைத்துத்தான் விளையாடினார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் பொத்தான். கப்பல்காரத் தெருவில் ஆண் செத்தால் அவன் சட்டைகளை அநாதை இல்லத்துக்குக் கொடுப்பார்கள், கொடுக்குமுன் பொத்தான்களை அறுத்துவிடுவார்கள். பொத்தானோடு கொடுத்தால் போட்டுக்கொள்பவன் தோளில் செத்தவன் ஏறி உட்காருவான் என்று ஒரு பேச்சு. நாற்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு நாலு பேரும் கத்தரிக்கோலை எடுத்து அறுத்து, ஆளுக்கொரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார்கள், என்ன செய்வதென்று தெரியாமல். போட்டித் தொகையாக ஆளுக்கு நாலு பொத்தான் என்று சொன்னது கப்பல் தளத்து ஆட்களுக்குத் தலைவராக, போசனாக இருந்த லாரன்சின் பெண்டாட்டி பெனடிக்டா. அவள்தான் நாலு பேரில் மூத்தவள், எல்லாருக்கும் மைனி, அழுதுகொண்டே அப்பளம் பொரிக்கக்கூடியவள்.

அன்று மேல் பெனடிக்டாவுக்கு விழுந்தது. வீட்டுக்குப் போனால் லாரன்ஸ் நாற்காலியில் இருந்தார், இடுப்புவரை. இடுப்புக்குக் கீழே நாற்காலிதான். ரத்தமில்லை, காயமில்லை, பலகையை அறுத்தது மாதிரி மட்டமாக முடிந்திருந்தார், லேசாக உப்புக் காற்று வாசம் மட்டும் இருந்தது. டீயில் இஞ்சி போடலியா என்று கேட்டார். கீழ் விழுந்தது இசபெல்லுக்கு. அவள் புருசன், எஞ்சின் அறையில் வேலை பார்த்த ஆல்வின், கைலியை மடித்துக் கட்டிய இரண்டு காலாக அவள் வீட்டு அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தான், எப்போதும் போல இடது காலால் வலது காலைச் சொறிந்தபடி. இரண்டு வீட்டிலும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயிலில் மூவேளை மணி அடித்ததும் அந்தப் பாதிகள் காணாமல் போயின. மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு மறுபடி சீட்டைக் கலைத்தார்கள். ஒரு நாளைக்கு ஒரே ஆட்டம்தான் ஆட முடிந்தது, அதற்குமேல் கலைத்தால் சீட்டெல்லாம் ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.

ஒரு மாசத்தில் ஊர் இதற்குப் பழகிவிட்டது. தையற்காரர் இடுப்போடு முடிகிற சட்டையும் இடுப்பில் தொடங்குகிற கால்சட்டையும் தனித்தனியாக அளவெடுத்துத் தைத்தார், இதில் என்ன புதுசு, எப்பவும் தனித்தனியாத்தானே தைக்கேன், என்றார். முடிவெட்டுகிறவர் வீடு தேடி வந்து மேல் பாதிகளுக்குச் சவரம் செய்தார். நற்கருணை கொடுக்கலாமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டதற்கு அவர் ஆயருக்கு எழுதினார், ஆயர் பொறுத்திருக்கச் சொல்லி எழுதினார், பொறுத்திருக்க முடியாமல் சாமியார் தானே ஒரு முடிவெடுத்து, வாய் இருக்கிற பாதிக்குக் கொடுக்கலாம், வாய் இல்லாத பாதி கடைசி பெஞ்சில் முழங்கால் போட்டுக்கொள்ளட்டும் என்று அறிவித்தார். சாவுச் சான்றிதழ் கொடுக்கிற அலுவலகத்தில்தான் கஷ்டம். மனுவில் இறந்தவர் என்று போட்டிருக்கிறீர்கள், நேற்று இவருடைய முழங்காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறாரே, என்று எழுத்தர் மனுவைத் திருப்பித் தந்துவிட்டார். முழுப் புருசனும் குடியும் ஒன்றாக வாய்த்த பக்கத்துத் தெருப் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். எங்களுக்கும் பாதி போதும்ளா, எந்தப் பாதின்னு நாங்க சொல்லுதோம், என்றார்கள்.

இதில் ஆகப் பாவம் நாலாமவள் தெக்லா. இருபத்து மூன்று வயது, எட்டு மாசக் கல்யாணம், அந்த எட்டில் அவள் புருசன், ஜோவின் என்று பெயர், வீட்டில் இருந்தது நாற்பது நாள். அவளுக்கு விழுந்ததெல்லாம் கீழ், ஒரு தடவைகூட மேல் விழவில்லை. ஜோவினுக்கு நாலே நாலு சட்டை, அதனால் பொத்தானும் அவளிடம்தான் ஆகக் குறைவு. எமரன்சியா காய்ச்சலில் படுத்து ஆடாத ஒருநாள், தெக்லாவும் இசபெல்லும் கீழுக்கு ஒரே அளவில் வந்து நிற்க, மூன்று பேர் போட்ட பன்னிரண்டு பொத்தானில் மேல் ஆறை பெனடிக்டா அள்ளிக்கொண்டாள், மீதி ஆறை இவர்கள் மும்மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். நாலு போட்டு மூன்று எடுத்தாள் தெக்லா, ஜெயித்தும் ஒன்று குறைந்தது. வீட்டுக்குப் போனால் ஜோவினின் ஒற்றைக் கால், அறை மூலையில், குடையைச் சாத்தி வைத்தது மாதிரி சாய்ந்து நின்றது. மணி அடிக்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள், விட்டால் விழுந்துவிடும் என்று. அவிய சத்தம் எப்படி இருக்கும்னே மறந்துட்டுக்கா, என்று மறுநாள் எமரன்சியாவிடம் சொன்னாள், சொல்லிவிட்டு நாலு பொத்தானை எண்ணி வைத்தாள்.

எமரன்சியாவுக்கும் இரண்டு தடவை விழுந்திருந்தது. முதலில் மேல். சிசில் சாப்பாட்டு மேசைக்கு மேலே மடித்துப் போட்ட போர்வையில் உட்கார்ந்து, குழம்பை ருசி பார்த்து, தக்காளியைக் கொஞ்சம் முன்னாலேயே போட்டிருக்கணும் என்றார். அவள் கடைசியாக அவரோடு பேசியது சண்டை. போனாப் போய்த் தொலைங்க, என்று பெட்டிக்கு மேல் சாவியை வீசியிருந்தாள். அதைப் பற்றிப் பேச வந்தவள், அதைச் சொல்லாமல், இனி எங்கயும் போயிர மாட்டியள்லா, என்று மட்டும் கேட்டாள்.

சிசில் சிரித்தார். "காலில்லாதவன்ட்ட கேக்குத கேள்வியாளா இது?"

அதற்குப் பிறகு ஒருநாள் கீழ். கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. முன்னறைக்கும் வாசலுக்கும் நடந்தன, சாத்தின கதவில் போய் மோதின, மறுபடி திரும்பி வந்து மறுபடி போய் மோதின. மேல் பாதியைத் தேடுது பாவம், கண்ணில்லாததால் கதவு தெரியலை, என்று எமரன்சியா நினைத்துக்கொண்டாள். முட்டி கன்றிப்போகும் என்று பயந்து, ஒரு துண்டால் வலது கணுக்காலை அந்த ரொட்டி அவனின் இரும்புக் காலோடு கட்டிப்போட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பாதத்தைக் கழுவிவிட்டாள். கட்டின காலும் ஆறு மணிவரை வாசல் பக்கமாகவே இழுத்துக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி கணக்குப் போட்டாள். கான்வென்டில் மதர் யூஜினி ஒரு பன்னை வெட்டிக் காட்டி, அரையும் அரையும் சேர்ந்தால் ஒன்று என்று சொல்லிக் கொடுத்திருந்தார். அந்த அம்மாவுக்குப் புருசன் கிடையாது, ஆகவே அது பன்னுக்குத்தான் பொருந்தும். இன்றைக்கு ஒரு மேல், அடுத்த வாரம் ஒரு கீழ், இரண்டும் சேர்ந்து ஒரு ஆளாகாது. இருபத்திரண்டு வருசமும் அவளுக்குக் கிடைத்தது வருசத்தில் ஆறில் ஒரு பங்கு ஆள். செத்த பிறகும் பங்குதானா? அப்போதுதான் சிசில் இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தபோது திரும்பத் திரும்பச் சொன்னது ஞாபகம் வந்தது. எமரன், நடுச்சீட்டை நம்பாத. ஏழு எட்டு ஒம்பது பத்து, பாக்க குடும்பம் மாதிரி வரிசையா நிக்கும், மேலயும் போவாது கீழயும் போவாது, கடைசில கைய விட்டுரும். பாதிக்குன்னு உக்காந்தா அந்தப் பாதியும் போயிரும். ரெண்டு பக்கமும் போற சீட்டு கைல வந்தா மட்டும் உள்ள இறங்கு, இல்லன்னா கவுத்து வச்சிட்டு காப்பி குடி.

மறுநாள் சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்து, வந்த நாலு சீட்டைப் பார்த்தாள், ராணி, ஒன்பது, எட்டு, எட்டு. கவிழ்த்து வைத்தாள். எழுந்து போய்க் காப்பி போட்டாள்.

பெனடிக்டா காத்திருந்தாள், முதலில் புரியாமல், பிறகு புரிந்து. அதுவரை ஒருத்தியும் கவிழ்த்ததில்லை. எப்படிக் கவிழ்ப்பது? கையில் எவ்வளவு மோசமான சீட்டு வந்தாலும், ஒரு காலாவது, ஒரு கையாவது, மணி அடிக்கும்வரை வீட்டில் இருக்குமே என்றுதான் எல்லாரும் போட்டுக்கொண்டிருந்தார்கள். கவிழ்த்தால் அன்றைக்கு வீட்டுக்கு ஒன்றும் வராது என்பது உறுதி.

"இது என்ன ஆட்டம்ட்டி," என்றாள் பெனடிக்டா. "கட்டின புருசன கவுத்தி வைக்கிற?"

"பாதி எனக்கு வேண்டாம் மைனி."

"எனக்கு மட்டும் வேணும்னா இருக்கு? கிடைச்சதத் தின்னு."

எமரன்சியா அடுத்த நாளும் கவிழ்த்தாள், அதற்கடுத்த நாளும், தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மற்றவர்கள் சிலுவைப்பாதைக்குப் போக அவசரப்பட்டு ஆடிய ஆட்டங்களிலும், லாரன்சின் மேல் பாதிக்குப் பல்வலி வந்து பெனடிக்டா ஆட்டத்துக்கு நேரங்கழித்து வந்த அன்றும், தெக்லாவுக்கு மறுபடி ஒற்றைக் கால் விழுந்த அன்றும் கவிழ்த்தாள். ஜாக்கியும் ஜாக்கியும் வந்தபோது கவிழ்த்தாள். ஆறும் ஏழும் எட்டும் வந்தபோது கவிழ்த்தாள். ஆஸும் ராஜாவும் ராணியும் வந்து, இது மேலுக்கு மட்டும் போகும், பாதிதான், என்று கவிழ்த்தாள். மீனை விட்டவர்கள் உண்டு, கறியை விட்டவர்கள் உண்டு, சீனியை விட்டவர்களும் உண்டு, தவக்காலத்துக்குப் புருசனை விட்டவள் இவள் ஒருத்திதான் என்று கோயில் வாசலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பும் போய்விட்டது. கல்நெஞ்சுக்காரி என்றார்கள். வேறு ஏதோ இருக்கும் என்றார்கள். ஆறு மணிவரை மற்ற வீடுகளிலிருந்து பேச்சுச் சத்தமோ காலடிச் சத்தமோ ஏதோ ஒன்று வரும், அவள் வீட்டில் காப்பி ஆற்றுகிற சத்தம் மட்டும் வரும். காய்கறிக்காரர்கூட அவள் வாசலில் நின்று கூவுவதை நிறுத்திவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார். சிசில் எங்கேயோ முழுசாக, தண்ணீருக்கடியில், அவள் சீட்டைக் கவிழ்க்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்கு ஒவ்வொரு நாளும் தோன்றியது, ஒவ்வொரு நாளும் கவிழ்த்தாள்.

குருத்தோலை ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை, சீட்டைப் பிரித்துப் பார்த்தபோது அவள் கையில் ஆஸ், இரண்டு, மூன்று, ஒரு ராஜா.

அவள் டின்னைத் திறக்கிற சத்தம் கேட்டு மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். சிசிலின் சமையல் கோட்டிலிருந்து அறுத்த, துணி சுற்றின வெள்ளைப் பொத்தான் நாலு. பெனடிக்டா தன் நாலை வைத்தாள், இசபெல் வைத்தாள். தெக்லா தன் டின்னைக் கவிழ்த்தாள், சரியாக நாலு விழுந்தது, அதில் ஒன்று கல்யாணச் சட்டையின் சிப்பிப் பொத்தான். டின்னுக்குள் கையை விட்டுத் துழாவினாள், வேறு இல்லை என்று தெரிந்துகொண்டு மூடியை மூடினாள். இந்த ஆட்டத்தில் ஒன்றும் விழாவிட்டால் நாளை முதல் அவள் உட்கார முடியாது.

நடுவில் சீட்டு மலர்ந்தது. மூன்று. ஐந்து. ஜாக்கி. தெக்லா தன் சீட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். ஒன்பது. கடைசியாக நாலு.

பெனடிக்டாவிடம் மூன்றும் மூன்றுமாக ஒரு ஜோடி, கீழுக்கும் உருப்படியாக ஒன்றுமில்லை. இசபெல் கீழுக்கு ஏழு வரை வைத்திருந்தாள். தெக்லா இரண்டு ஜாக்கியை மலர்த்தி வைத்தாள், நடுவில் கிடந்ததோடு மூன்று ஜாக்கி. பெனடிக்டா சாய்ந்து பார்த்து, மேலு உனக்குத்தாம்ட்டி, என்றாள், தெக்லா வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

எமரன்சியா தன் ஆஸையும் இரண்டையும் பார்த்தாள். நடுவில் கிடந்த மூன்று, நாலு, ஐந்தோடு சேர்த்தால், கீழாக எண்ணினால் இதைவிடச் சின்னக் கை சீட்டுக்கட்டிலேயே இல்லை. மேலாக எண்ணினால் ஐந்தும் வரிசை, மூன்று ஜாக்கியை அடித்துவிடும். மற்றவர்கள் வரிசையைக் கவனிக்க மாட்டார்கள், பார்த்ததும் அதைக் கண்டுபிடிக்கிறவள் நாலு பேரில் அவள் ஒருத்திதான். கீழ் எனக்கு, என்று சொல்லிச் சீட்டைக் கலைத்துவிட்டால் முடிந்தது. தெக்லா வீட்டு நாற்காலியில் ஜோவின் இடுப்புவரை உட்கார்ந்து ஏதாவது பேசுவான். இவள் வீட்டில் கால்கள் கதவில் மோதும்.

ஆஸையும் இரண்டையும் மலர்த்தி வைத்தாள்.

"ரெண்டும் எனக்கு," என்றாள்.

பெனடிக்டா விரலால் ஒவ்வொரு சீட்டாகத் தொட்டு எண்ணினாள், இரண்டு தடவை. எண்ணி முடித்ததும் எழுந்து செருப்பைப் போட்டாள். இசபெல்லும் எழுந்தாள். தெக்லா மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள், வாயைப் பொத்திய கையை எடுக்காமல், பிறகு காலி டின்னை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள். அன்று அந்த மூன்று வீடுகளுக்கும் ஒன்றும் வரவில்லை.

சிசில் சமையலறையிலிருந்து முன்னறைக்கு நடந்து வந்தார், தலையிலிருந்து பாதம்வரை. நடுவில் தையல்கூட இல்லை. எமரன்சியா அவரைச் சுற்றி வந்து பார்த்தாள், இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். தட்டு வைத்தாள், சாப்பிட்டார், குழம்பில் இன்றைக்குத் தக்காளி சரியா இருக்கு என்றார். அன்றைக்குச் சாவியை வீசினது தப்பு என்று அவள் சொன்னாள், எந்தச் சாவி என்று அவர் கேட்டார். அவன் மேல் கிடந்த பிளாஸ்டிக் விரிப்பை விலக்கினார், கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார், துருவை விரலால் சுரண்டினார். அவள் தீப்பெட்டியை எடுத்து வந்தாள்.

"நல்ல சாமான்," என்றார். "அடுத்த தடவ வந்து பத்த வைப்போம்."

ஆறு மணி அடித்தது. மூவேளை மணியும் அடித்து ஓய்ந்தது. சிசில் காணாமல் போகவில்லை. அவர் நின்ற இடத்தில் முழுசாக நின்றுகொண்டு, கட்டிலுக்கடியில் குனிந்து எதையோ தேடினார்.

"என்ன தேடுதிய?"

"செருப்பு. எங்க வச்சிருக்க?"

அவள் செருப்பை அநாதை இல்லத்துக்குக் கொடுத்திருந்தாள். சரி, வெறுங்காலோட போய்க்கிடுதேன், வெயில் தாந்துட்டு, என்றார்.

"உங்க கப்பல் முழுகிட்டு," என்றாள் எமரன்சியா. "மூணு மாசத்துக்கு மேலாச்சி."

"அது முழுகினா வேற கப்பல் வரும்ளா." அவள் கன்னத்தைத் தட்டினார், கை சூடாகத்தான் இருந்தது. "இந்த ஒரு ட்ரிப்தான் எமரன். இதோட சரி."

துண்டு பக்கத்திலேயே கொடியில் கிடந்தது. காலைக் கட்டிப் போடலாம்தான், முன்பு கட்டினவள்தானே. ஆனால் அன்றைக்கு அந்தக் காலுக்கு வாயில்லை, கட்டை அவிழ் என்று சொல்ல ஆளில்லை, இன்றைக்கு இருந்தது. அவள் துண்டை எடுக்கவில்லை. கால்கள் அன்றைக்குத் தேடியது மேல் பாதியை இல்லை என்பது, அந்தக் கால்கள் ஒரு தடவைகூட மோதாமல் நேராகக் கதவுக்குப் போய், கை தாழ்ப்பாளைத் திறந்தபோது அவளுக்குத் தெரிந்தது. தெருவில் வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றார்கள். என்ன சிசில் அண்ணே, கெளம்பியாச்சா, என்று யாரோ கேட்டார்கள், ஆமாப்பா, என்றார் அவர், இருபத்திரண்டு வருசமும் கேட்டது போல, சொன்னது போல. துறைமுகத்துப் பக்கம் திரும்பும் முக்கில் அவர் கை காட்டினாரா இல்லையா என்று பிறகு ஊரில் இரண்டு கட்சியாகப் பேசிக்கொண்டார்கள். எமரன்சியா பார்க்கவில்லை, உள்ளே வந்து அவனின் கதவைச் சாத்தி விரிப்பை மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் இரண்டு மணிக்கு யாரும் வரவில்லை. இரண்டரைக்கு அவளே ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றாள். கூப்பிடவில்லை, நின்றாள், அவ்வளவுதான். பெனடிக்டா முதலில் வந்தாள், வந்து உட்கார்ந்து, உன்னப் பாக்க வரல்ல, சீட்டுக்காக வந்தேன், என்றாள். இசபெல் வந்தாள். தெக்லா வாசற்படியில் நின்று, எங்கிட்ட ஒண்ணும் இல்லக்கா, என்றாள். எமரன்சியா தன் டின்னை எடுத்து வந்து, அவளை உட்கார வைத்து மடியில் அப்படியே கவிழ்த்தாள், சிப்பிப் பொத்தானும் நேற்று அள்ளினதும் தவக்காலம் முழுக்கக் கவிழ்த்துக் கவிழ்த்துச் சேமித்ததும் எல்லாம். அதிலிருந்து வெள்ளைப் பொத்தான் நாலை மட்டும் தனக்கென்று பொறுக்கி எடுத்துக்கொண்டாள்.

பெனடிக்டா சீட்டைக் கலைத்துப் போட்டாள். எமரன்சியா தன் நாலையும் விரித்துப் பார்த்தாள். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. குடும்பம் மாதிரி வரிசையாக நின்றன. மேலேயும் போகாது, கீழேயும் போகாது.

மூன்று பேரும், அவள் கவிழ்ப்பதற்காகக் காத்திருந்தார்கள். பெனடிக்டா காப்பிக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லிவிடலாமா என்று அடுப்படிப் பக்கம்கூடப் பார்த்தாள்.

எமரன்சியா நாலு வெள்ளைப் பொத்தானையும் நடுவில் வைத்தாள்.

"போடுங்க மைனி," என்றாள். "காலாவது வரட்டும்."